பாட வேண்டாம், சாட்சி சொல்லுங்கள்

கொலை நடக்கும்போது ஊர் வாயை மூடிக்கொள்கிறது. காலம் கடந்தபின் அதே ஊர் செத்தவனுக்காக உடுக்கையடித்துப் பாடுகிறது. பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். கண் கலங்கியதால் நமக்கு ஈரநெஞ்சு என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். அந்தக் கண்ணீருக்கு ஒருநாளாவது கணக்குக் கேட்க வேண்டாமா?

மரக்காணம் கடற்கரையிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். ஆந்திரத்திலிருந்து கரையோரமாக இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. மேற்கே கழுவேலி, கிழக்கே வங்கக்கடல், இடையில் பாத்தி பாத்தியாக உப்பளம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழைய திணை வகுப்பில் இது நெய்தல். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல் என்று பிரித்துக் கொடுத்த இலக்கணம், இந்த உப்புக் கரைக்கு இரங்கலைக் கொடுத்தது.

பிரிந்துபோன தலைவனை நினைத்து அழுவதே இரங்கல் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். நற்றிணையின் 45ஆம் பாட்டைப் படித்தவர்களுக்கு வேறொரு காரணமும் தெரியும். அதில் வரும் பெண், மீன் காயவைத்துக் காவல் காக்கும் பரதவர் வீட்டு மகள். அவளைத் தேடி வந்தவன் தேரோடும் பழைய ஊரின் செல்வர் வீட்டுப் பிள்ளை. தோழி அவனிடம், எங்கள் மேல் புலால் நாறும், உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவராது, விலகி நில்லுங்கள் என்கிற பொருள்படப் பேசி அனுப்பிவிடுகிறாள். இந்தக் கரையில் காதலுக்குக் குறுக்கே கிடந்தது கடல் இல்லை, குடிப்பிறப்பு என்பது சங்கப் புலவருக்கே தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே தெரிந்த நோய்க்கு நாம் மருந்து தேடவில்லை, ராகம் தேடினோம்.

அந்த ராகங்களில் தமிழ்நாட்டை அதிகம் அழவைத்தவற்றுள் ஒன்று காத்தவராயன் கதை. ஈழத்திலும் இதற்குப் பெரிய மதிப்பு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் காத்தவராயன் கூத்து இன்றும் உயிரோடிருக்கிறது. இங்கே பல ஊர்த் திருவிழாக்களில் இதன் உச்சம் கழுவேற்றம். கோயில் திடலில் உயரமான மரம் நட்டிருப்பார்கள். விரதமிருந்த கூத்துக்காரர் காத்தவராயன் வேடத்தோடு பாடிக்கொண்டே அதில் ஏறுவார். இரவெல்லாம் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நிற்பார்கள். "பெத்தவ மனசு என்ன பாடுபடும்" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்துவாள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசப்படும்போது, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி முண்டியடிப்பார்கள்.

அந்த எலுமிச்சம்பழம் எங்கிருந்து விழுகிறது என்று யோசித்ததுண்டா? ஒரு மனிதனைக் குத்திக் கொன்ற மரத்தின் உச்சியிலிருந்து. அவன் செய்த குற்றம் காதல்.

கதைக்குப் பாடபேதங்கள் பல. முதுகெலும்பு ஒன்றுதான். பறையர் குடும்பத்தில் வளர்ந்த காத்தவராயன், பார்ப்பனர் வீட்டில் வளர்ந்த ஆரியமாலையை விரும்பினான், அவளைக் கொண்டுபோனான், அரசன் அவனைக் கழுவில் ஏற்றினான். இவ்வளவே நடந்ததென்றால் அது கொலை. கொலை என்றால் குற்றவாளி வேண்டும். அரசனையும் அவனுக்கு யோசனை சொன்னவர்களையும் வேடிக்கை பார்த்த ஊரையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே கதைக்கு முன்னால் இன்னொரு கதை ஒட்டப்பட்டது. காத்தவராயன் உண்மையில் அம்மையப்பரின் பிள்ளையாம். ஆரியமாலை உண்மையில் தேவகன்னியாம். முற்பிறவியில் நேர்ந்த பிழைக்கும் சாபத்துக்கும் அவன் கழுவேறியே தீரவேண்டுமாம். கழுமரத்தை நட்டவன் அரசன். பாட்டில் அதை நட்டது விதி. கொன்றவன் விதியின் கையாளாகிவிட்டான், செத்தவன் சாமியாகிவிட்டான். நடுவில் நின்ற சாதி மட்டும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டது.

இது ஒரு கதையின் விபத்து என்று நினைக்க வேண்டாம். மதுரைவீரனைப் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியைக் கொண்டுவந்தவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். அவனும் பிறப்பால் காசி ராஜாவின் பிள்ளையாம். சகுனம் சரியில்லை என்று காட்டில் விடப்பட்டவனாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடிக்க, கண்ணதாசன் வசனம் எழுதி வந்த படமும் அந்த ராஜ பிறப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

முத்துப்பட்டன் கதையில் இந்த வேலை இன்னும் பச்சையாகத் தெரியும். நெல்லைச் சீமை வில்லுப்பாட்டு அது. பார்ப்பனனான முத்துப்பட்டன், வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். பூணூலை அறுத்தெறிகிறான், செருப்புத் தைக்கிறான், மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கப்போய் மாடு திருடவந்தவர்களோடு மோதிச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயன் ஆனான். பக்தர்கள் இன்றைக்கும் அங்கே தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக இக்கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை, இடையில் நடந்த மாற்றத்தை எடுத்துக்காட்டினார். பழைய பாடத்தில் சக்கிலியப் பெண்களாகவே இருந்தவர்கள், பிற்காலப் பாடங்களில் பார்ப்பனக் குழந்தைகளாக, காட்டில் கிடந்து வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்களாக மாறிவிட்டார்கள். சாதியை உதறிவிட்டு வந்த ஒருவனுடைய வாழ்வின் மொத்தப் பொருளும் இந்த ஒரு வரி ஒட்டில் காணாமல் போய்விட்டது.

மூன்று கதையிலும் ஒரே கை வேலை செய்திருக்கிறது. தாழ்த்தப்பட்டவர் எனப்பட்டவரின் காதலுக்காக அழ இந்தச் சமூகத்துக்கு மனம் வரவில்லை. அழுவதற்கு முன் அவருக்கு உயர்ந்த பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. நம்மாள்தான் என்று உறுதியான பிறகே கண்ணீர் வந்தது. இந்தக் கண்ணீரையா மனிதநேயம் என்பது?

பெண்களுக்குப் பாட்டு ஒதுக்கிய இடத்தையும் கவனியுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் கணவனோடு தீயில் இறங்குகிறார்கள். பொம்மியும் வீரனோடு முடிந்துபோகிறாள். காதலன் கொல்லப்பட்டபின் ஒருத்தி உயிரோடிருந்து, "இவன்தான் கொன்றான்" என்று கைநீட்டிக் காட்டும் கதைப்பாடல் இவற்றுள் இல்லை. அவள் பேசிவிட்டால் ஊர் தூங்க முடியாது. ஆகவே அவளையும் எரித்துப் பத்தினியாக்கிப் பக்கத்திலேயே ஒரு கல் நட்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. கதைப்பாடல் எளிய மக்களின் வரலாறு. நீதிமன்றம் இல்லாத காலத்தில் கொல்லப்பட்டவனின் சொந்தக்காரர்கள் அவனைத் தெய்வமாக்கித்தான் நியாயம் தேடினார்கள். இல்லாவிட்டால் அவன் பெயரே மிஞ்சியிருக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அரசனும் ஆண்டையும் ஒருபக்கம் நிற்க, பறையும் உடுக்கையும் தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்கள் பாடியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாமிக்குப் படையல் வைத்தவர்களில் கொன்றவர்களின் வாரிசுகளும் உண்டு. செத்தவன் ஆவியாக வந்து குடும்பத்தைக் கருவறுப்பானோ என்ற பயத்தில் கும்பிட்டவர்கள் அவர்கள். அந்தக் கும்பிடுக்குள் வருத்தம் துளியும் கிடையாது; அது பாதுகாப்பு ஏற்பாடு. நமக்கோ இன்று காவல் நிலையம் உண்டு, நீதிமன்றம் உண்டு, ஓட்டு உண்டு. இவ்வளவும் இருந்தும் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம் என்றால் அது இயலாமை ஆகாது. நாமே தேர்ந்தெடுத்த வசதி அது.

அந்த வசதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி அருகே நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டு எரிந்தன. காரணம் சாதி கடந்த ஒரு திருமணமும், அதையொட்டிப் பெண்ணின் தந்தை செய்துகொண்ட தற்கொலையும். தலித் இளைஞரின் காதலெல்லாம் நடிப்பு என்று பழிக்கும் "நாடகக் காதல்" என்ற சொல் அந்த மாதங்களில் மேடை மேடையாகப் பரவியது. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா. அன்றைக்கு இதே மரக்காணத்தில் கலவரம் மூண்டது. கட்டையன்தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் புறப்பட்டுவந்தவர்களில் இரண்டு பேர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அடுத்த ஜூலை 4ஆம் தேதி, தர்மபுரித் திருமணத்தின் மணமகன் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

எரிந்த கூரைக்கும் சாதி பேசிய மேடைக்கும் நடுவே இருக்கும் தொலைவை உப்பளத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஒரே பாத்தியில் நின்று, ஒரே வெயிலில் கண் கூச, வெறுங்காலில் உப்பு ஏற வாரிக் குவிப்பவர்கள் அவர்கள். அந்த உப்பு எல்லாத் தெருவின் குழம்பிலும் கரைகிறது. வாரிய கை யாருடையது என்று எந்த அடுப்பும் கேட்டதில்லை. அந்தக் கையில் தன் மகளின் கை சேரும் என்றால் மட்டும் அரிவாள் எழுகிறது. இதில் எந்த அறிவு இருக்கிறது? எந்த மானம் இருக்கிறது?

மரக்காணத்துக்குத் தெற்கே, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் பெண். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவரையும் பிடித்துக் கட்டி, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். மறைவான காட்டில் நடந்த காரியமில்லை இது. ஊருக்குத் தெரியும். காவல் துறைக்கும் தெரியும். பின்னாளில் காவல் அதிகாரிகளே தண்டனை பெற்றார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், தந்தை உள்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது.

அந்த 18 ஆண்டுகளில் ஊர் என்ன செய்தது? சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். "பார்க்கவில்லை, தெரியாது" என்றார்கள். முருகேசனின் தந்தை விடாப்பிடியாக நின்றதால் வழக்கு நின்றது. ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கண்ணகி என்று பெயர் வைப்போம், அநியாயத்தைத் தட்டிக்கேட்டு மதுரையை எரித்தவள் என்று மேடையில் முழங்குவோம், அந்தப் பெயர்க்காரிக்கு அநியாயம் நடந்தபோது நீதிமன்றத்தில் இரண்டு வாக்கியம் சொல்ல நமக்கு நா எழாது. நாளை இவர்கள் கதையையும் யாராவது பாட்டாக்கலாம். அதில் முருகேசனுக்கும் ஒரு ராஜ பிறப்பு கிடைக்கலாம். அன்றைக்கு அழுவதற்கு ஊர் தயாராக இருக்கும். வாய் திறக்க வேண்டிய நாளில்தான் அது ஊமையாக இருந்தது.

பாட்டின் பாதையிலிருந்து விலகி நடந்த ஒரு பெண்ணும் நம் காலத்தில் இருக்கிறார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கண்காணிப்புக் கேமரா பார்த்திருக்கச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து அவரை மணந்த கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். பழைய கதையென்றால் அவர் தீயில் இறங்கியிருக்க வேண்டும். கௌசல்யா நீதிமன்றப் படியேறினார். பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உள்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும் அவர் தலை குனியவில்லை. சாதிக்கு எதிராகப் பேசினார், மறுமணம் செய்துகொண்டார், வாழ்கிறார். அவரை ஏசியவர்கள் எத்தனை பேர்! "புருஷன் செத்தவளுக்கு இதெல்லாம் தேவையா" என்றவர்கள், அவர் செத்திருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். உயிரோடிருக்கும் பெண்ணை ஏசும் வாய்தான் எரிந்துபோன பெண்ணைத் தெய்வம் என்று பாடுகிறது.

பெற்றவர் வலியை நான் மறுக்கவில்லை. இருபது வருடம் ஊட்டி வளர்த்த பிள்ளை சொல்லாமல் போய்விட்டால் மனம் உடையத்தான் செய்யும். ஆனால் அந்த வலிக்குள் கையை விட்டுப் பாருங்கள். பிள்ளை போன துக்கம் அதில் கொஞ்சம். "நாலு பேர் என்ன பேசுவார்கள்" என்ற பயமே பெரும்பங்கு. மகன் தன் சாதியிலேயே சொல்லாமல் கட்டிக்கொண்டு வந்தால், ஆறு மாதத்தில் பேரப்பிள்ளையைக் காட்டி வீட்டுக்குள் சேர்ந்துவிடுகிறான். அதே சொல்லாமல் போதல், அதே வலி. அங்கே எழாத அரிவாள் இங்கே ஏன் எழுகிறது? வலிக்கு அரிவாள் தெரியாது. சாதிக்குத்தான் தெரியும். அந்த நாலு பேர் நம் மகளுக்கு ஒருவேளை சோறு போட்டவர்கள் இல்லை. அவர்கள் பேச்சுக்காகப் பெற்ற பிள்ளையைப் பலி கொடுப்பதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியதைப் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1929 பிப்ரவரியில் மரக்காணத்திலிருந்து அதிக தூரமில்லாத செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்றது. 1936இல் அம்பேத்கர், சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணம் என்று எழுதினார். பெரியார் அதைத் தமிழில் வெளியிட்டார். 1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும், புரோகிதர் வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை, வழக்கறிஞர் முன்னிலையிலும் செய்யலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கலப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் அரசு பணமும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. அரசு தங்கத்தோடு நிற்கும் வாசலில் உறவு அரிவாளோடு நிற்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் 2011-12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பின்படி, சாதி கடந்த திருமணம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கிறது.

இன்னும் திருத்த வேண்டியவையும் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணமக்கள் விவரத்தை 30 நாள் அறிவிப்பாக ஒட்டச் சொல்கிறது. தேடி வருபவனுக்கு முகவரி எழுதிக் கொடுக்கும் விதி அது, நீக்கப்பட வேண்டும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கவும், தம்பதிகள் தங்கப் பாதுகாப்பான இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அந்த இல்லம் எங்கே என்று ஆட்சியரிடம் கேளுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தையும் நாடு முழுவதற்கும் நடைமுறையாக்கியது. சாட்சி சொல்லப் பயமாயிருக்கிறது என்றால் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்கலாம். பயம் உண்மை, பயத்துக்கு வழியும் உண்டு. வழி இருந்தும் வாய் திறக்காதவரை அப்பாவி என்று சொல்ல என்னால் முடியாது.

காத்தவராயன் பாட்டைத் தடைசெய்யச் சொல்லவில்லை. நன்றாகப் பாடுங்கள். ஆனால் ஒட்டை உரித்துவிட்டுப் பாடுங்கள். அவன் பறையர் வீட்டுப் பிள்ளை என்று பாடுங்கள். அவனைக் கொன்றது சாபமில்லை, சாதி என்று பாடுங்கள். அப்படிப் பாடியபின் திடலில் இருக்கும் தாய்மார்கள் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்துகிறார்களா, தங்கள் வீட்டு நடுக்கூடத்தை நினைத்துத் திடுக்கிடுகிறார்களா என்று பாருங்கள். திடுக்கிட்டால் அந்தக் கூத்து வேலை செய்கிறது.

வாசகரே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதியைக் கேட்காமல், அந்தப் பிள்ளை நல்லவரா, உழைத்துச் சாப்பிடுபவரா, அடிக்காமல் வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் அரிவாள் தீட்டும் சத்தம் கேட்டால் அன்றே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கேட்கத் தவறி, ஒரு கொலை நடந்தேவிட்டால், சம்மன் வரும் நாளில் கூண்டேறி நின்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும்.